அஞ்சு பந்துதான் ஆச்சு

ஒன்பதாவது விக்கெட் விழுந்தபோது மணி ஐந்து நாற்பத்திரண்டு. அடுத்து இறங்க வேண்டியவன் ஆல்ஃப் ஸ்கெல்டன். அவனுக்குப் பின்னால் ஆள் கிடையாது. லீட்ஸ் மைதானத்து உடைமாற்றும் அறையின் மூலையில் பேடைக் கட்டிக்கொண்டு, இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் ஒரு கோட்டும் போட்டு உட்கார்ந்திருந்தவன், எழுந்து கோட்டைக் கழற்றினான். யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும்.

இன்னும் நாற்பத்தெட்டு நிமிடம். அதுவரை அவுட்டாகாமல் நின்றால் டிரா. அவுட்டானால் தோல்வி. ரன்னைப் பற்றி யாரும் பேசவில்லை. நியூசிலாந்து ஜெயிக்க இருநூறு ரன்னுக்கு மேல் வேண்டும், அது அடுத்த வருஷம் வரை ஆடினாலும் வராது.

ஆறு வாரம் கப்பலில் வந்து இறங்கியதிலிருந்து மழை. காயாத கால்சட்டை, வேகவைத்த முட்டைக்கோஸ், விடுதி அறைகளில் வெந்நீர்க் குழாய்மேல் தொங்கும் ஈரக் காலுறைகள், தினம் ஒரு ரயில். மூன்று டெஸ்ட் ஆடி மூன்றிலும் தோற்றாகிவிட்டது. ஒன்றுகூட ஐந்தாம் நாளைப் பார்க்கவில்லை. லண்டன் பத்திரிகைக்காரர் ஒருவர், இவர்களுக்கு மூன்று நாள் டெஸ்ட் போதும், மிச்ச இரண்டு நாளில் நாம் தோட்ட வேலையாவது பார்க்கலாம் என்று எழுதினார். சிரித்துவிட்டு விட்டுவிடலாம் என்று பார்த்தால், அன்று காலை உணவு மேசையில் மேனேஜர் வேறு சேதி சொன்னார். இங்கிலாந்து வாரியத்திலும் அதையே பேசுகிறார்களாம். இந்த டெஸ்டும் போனால் அடுத்த முறை மூன்று நாள்தான். பதினாறு பேரும் ரொட்டியை மென்றபடி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது எல்லாம் ஆல்ஃபின் தலையில். அவன் பந்து வீசத்தான் வந்தவன். இந்த டெஸ்டின் முதல் இன்னிங்ஸையும் சேர்த்து ஏழு தடவை மட்டையைப் பிடித்திருந்தான், ஏழும் முட்டை. அதில் ஆறு முட்டை, யார்க்‌ஷயர் வேகப்பந்துக்காரன் சிட் க்ராப்ட்ரி போட்டது. வீட்டில் மாட்டுப்பண்ணை வேறு. "பாலும் முட்டையும் ஒரே கடையில கிடைக்குது" என்று சொந்த அணிக்காரர்களே சொல்லிச் சிரித்தார்கள். அவனும் சிரித்திருந்தான், முதல் நான்கு முட்டை வரை.

கேப்டன் லாங்மோர் கதவருகில் நின்றார். ஊரில் வங்கி அதிகாரி. டெஸ்ட் தோற்கும்போதும் டை நேராக இருக்கும்.

"ஆல்ஃப், மேட்சை மறந்துரு. ஆறு எண்ணு. முடிஞ்சா மறுபடி ஆறு எண்ணு. வேற ஒண்ணும் நினைக்காத."

"எண்ணத் தெரியும், கேப்டன்."

"தெரியும்டா. உனக்கு அது ஒண்ணுதான் தெரியும். அதனாலதான் சொல்றேன்."

பிறகு அறையைப் பார்த்துத் திரும்பினார். "யாரும் உக்காந்த இடத்தை விட்டு எந்திரிக்கக் கூடாது. நிக்கிறவன் நிக்கட்டும். மேனேஜர் எங்க?"

"கக்கூஸ்ல."

"அங்கயே இருக்கச் சொல்லு."

ஜோடி நிலைத்து நிற்கும்போது இடம் மாறினால் விக்கெட் விழும் என்பது அந்த அணியின் சட்டம். அம்பயர் சொன்னால்கூட வாதாடுவார்கள், இதில் வாதம் கிடையாது.

ஆல்ஃப் படியிறங்கினான். வேலிக்கு அப்பாலிருந்து ஒருவன் கத்தினான்: "ஏ பால்காரா, ரயிலுக்கு நேரமாச்சு, சீக்கிரம் அவுட்டாகிட்டுப் போ."

எதிர்முனையில் காத்திருந்தவன் விக்கெட் கீப்பர் டெஸ் ரூக். டனீடனில் பள்ளி ஆசிரியன், எல்லோருக்கும் வாத்தியார். மூன்றாம் நாள் பந்து பட்டு இடது கையில் இரண்டு விரல் உடைந்திருந்தது. மரத்துண்டு வைத்துக் கட்டிய அந்தக் கையை மட்டைமேல் சும்மா சாத்திக்கொண்டு, வலது கையால் மட்டும் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நின்றுகொண்டிருந்தான். வலியில் உதடு வெளுத்திருந்தது.

"க்ராப்ட்ரியை நான் பாத்துக்கிறேன்" என்றான் டெஸ். "ஒவ்வொரு ஓவர் கடைசியிலயும் ஒரு ரன் ஓடி இந்தப் பக்கம் வந்துருவேன். நீ கூப்பிட்டா ஓடி வா, அது போதும்."

"அவன் அந்த மெதுவான யார்க்கரைப் போட்டா?"

"ஆறு தடவை வாங்கியிருக்க, இன்னும் என்கிட்டக் கேக்குற. மட்டையைத் தூக்காத. தரையிலயே வை."

ஆல்ஃப் முதல் பந்தை எதிர்கொண்டான். சுழற்பந்து. மட்டையில் பட்டுக் காலடியில் விழுந்தது. மட்டையின் முனையால் தரையில் ஒரு கோடு கிழித்தான்.

பந்துக்கு ஒரு கோடு. ஆறானதும் காலால் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. இது யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. தரனாக்கியில் அவர்கள் பண்ணையில் அறுபத்திரண்டு மாடு. கறக்கக் கொட்டிலுக்கு வரும்போதும் கறந்து திரும்பும்போதும் கேட்டருகில் நின்று எண்ண வேண்டும். ஒருமுறை அறுபத்தொன்றில் அண்ணன் ரெக்ஸ் கேட்டைச் சாத்தினான். எண்ணும்போது ஒன்று விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். மறுநாள் காலை அறுபத்திரண்டாவது மாடு வாய்க்காலில் நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு கிடந்தது. அன்றிலிருந்து ஆல்ஃபுக்கு எண்ணிக்கை சரியாக வராமல் எந்த வேலையும் முடிந்ததாகாது. படிக்கட்டை எண்ணுவான். ரயில் பெட்டியை எண்ணுவான். தட்டிலிருக்கும் பட்டாணியை எண்ணுகிறான் என்று டெஸ் புகார் செய்திருக்கிறான்.

ஆறு மணி. கோடு, கோடு, கோடு, அழி. க்ராப்ட்ரியின் ஓவர்களை டெஸ் ஒற்றைக் கையால் தடுத்தான். ஒவ்வொரு அடிக்கும் முகம் சுருங்கியது. ஆறாவது பந்தில் ஒரு ரன் தட்டிவிட்டு ஓடி வந்தான். இங்கிலாந்துக்காரர்கள் ஒன்பது பேர் மட்டையைச் சுற்றி நெருங்கி நின்றார்கள். யாரோ சாப்பிட்ட வெங்காயம்கூட ஆல்ஃபுக்கு மணத்தது.

ஆறேகால். கிண்டல் செய்துகொண்டிருந்த கூட்டம் அடங்கிவிட்டது. பந்து மட்டையில் படும் சத்தத்துக்குப் பிறகு ஒரு பெருமூச்சு, பத்தாயிரம் பேர் சேர்ந்து விடும் பெருமூச்சு. ஆல்ஃபுக்குத் திடீரென்று ஒன்று புரிந்தது. இது நடந்துவிடும் போலிருக்கிறது. அதுவரை பயமில்லை. நம்பிக்கை வந்த பிறகுதான் பயம் வந்தது.

ஆறு இருபத்தொன்பது. டெஸ் ஓவரின் கடைசிப் பந்தைத் தட்டிவிட்டு ஓடப் பார்த்தான். பந்து தரையில் உருண்டு நேராக ஒருவன் கைக்குள் போனது. ரன் இல்லை. அடுத்த ஓவர் ஆல்ஃபுக்கு. அதுதான் கடைசி ஓவர். வீசப்போவது க்ராப்ட்ரி.

டெஸ் நடுப்பிட்ச்சுக்கு வந்தான். "மன்னிச்சுக்கோ."

"ஆறுதானே, வாத்தியாரே."

"ஆமா. ஆறுதான்."

க்ராப்ட்ரி ஸ்வெட்டரைக் கழற்றி அம்பயர் வின்டிலிடம் கொடுத்தான். வின்டில் பெரியவர், கோட்டுப் பையில் ஆறு கூழாங்கல் வைத்து எண்ணுபவர். பந்துக்கு ஒரு கல் இடது பையிலிருந்து வலது பைக்குப் போகும்.

முதல் பந்து வெளியே போனது. விட்டுவிட்டான். கோடு. இரண்டாவது யார்க்கர், நல்ல வேகம். மட்டை தரையிலேயே இருந்ததால் தானாக வந்து மோதியது. கோடு. மூன்றாவது எகிறி வந்து விலாவில் அடித்தது. ஆல்ஃப் மூச்சு நின்று மண்டியிட்டான். வின்டில் ஓடி வந்து தோளைப் பிடித்தார்.

"முடியுமா தம்பி?"

ஆல்ஃபால் பேச முடியவில்லை. தலையை ஆட்டினான். மண்டியிட்டபடியே மூன்றாவது கோட்டைக் கிழித்தான். வின்டில் திரும்பிப் போய் நின்று, பைக்குள் கையை விட்டு ஒரு கல்லை மாற்றினார். ஆல்ஃபிடம் ஓடி வரும் முன்பே அந்தப் பந்துக்கு ஒரு கல்லை மாற்றியிருந்தது அவருக்கு மறந்துபோயிற்று.

நான்காவது பந்து மட்டையையும் தாண்டி, ஸ்டம்ப்பையும் தாண்டிப் போனது. ஸ்டம்ப்பின் தலையில் கிடக்கும் பெயில்ஸுக்கும் பந்துக்கும் நடுவே ஒரு விரலை விடலாம், அவ்வளவுதான் இடைவெளி. ஒன்பது பேரும் தலையில் கை வைத்தார்கள். கோடு. ஐந்தாவது நேராக வந்தது. ஆல்ஃப் காலை முன்னால் போட்டுத் தடுத்தான். பந்து செத்து விழுந்தது. கோடு.

வின்டில் ஸ்வெட்டரை க்ராப்ட்ரியிடம் நீட்டினார். க்ராப்ட்ரி ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுத் தலையை ஸ்வெட்டருக்குள் விட்டான். கூட்டம் வேலியைத் தாண்டி உள்ளே குதித்தது. டெஸ் மட்டையைத் தலைக்கு மேல் தூக்கினான். இங்கிலாந்து கேப்டன் கை குலுக்க வந்தார். ஆட்டம் முடிந்தது என்று வின்டில் பெயில்ஸை எடுக்கக் கையை நீட்டினார். இன்னும் 'ஓவர்' என்று சொல்லவில்லை. அந்தச் சொல் வந்துவிட்டால் முடிந்தது. அம்பயரின் எண்ணிக்கைதான் எண்ணிக்கை, ஐந்தானாலும் ஏழானாலும் யாரும் மாற்ற முடியாது.

ஆல்ஃப் அழிப்பதற்காகக் காலைத் தூக்கிக்கொண்டு கீழே பார்த்தான். ஐந்து கோடு.

"அஞ்சுதான் ஆச்சு" என்றான்.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது. ஆனால் சத்தமாகச் சொல்லிவிட்டது.

வின்டிலின் கை அந்தரத்தில் நின்றது. வலது பையிலிருந்து கற்களை எடுத்துப் பார்த்தார். ஆறு இருந்தது. ஓரத்தில் நின்ற மற்ற அம்பயரைப் பார்த்தார்.

"என் கணக்கும் அஞ்சுதான், வின்டில்" என்றார் அவர், தயங்கித் தயங்கி. "நீங்க பெயில்ஸுக்குக் கை நீட்டினதும், நான்தான் தப்பா எண்ணிட்டேனோன்னு நினைச்சேன்."

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார் வின்டில்.

க்ராப்ட்ரியின் தலை ஸ்வெட்டரிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது. அப்படியே மறுபடி உள்ளே போனது. "நல்லா இருங்க, பால்காரரே" என்று கம்பளிக்குள்ளிருந்து குரல் வந்தது.

டெஸ் நடந்து வரவில்லை, ஓடி வந்தான். "டேய், உனக்கு என்னடா கேடு?"

"எண்ணிக்கை தப்பு."

"அவர் தப்பா எண்ணினா அது நமக்கு நல்லதுடா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொன்ன?"

"இப்பத்தான் தெரியும். சொல்லும்போது தெரியாது."

டெஸ் அவனை ஒரு நிமிடம் முறைத்தான். "நீ எந்த நாட்டுக்கு ஆடுற, அதை மட்டும் சொல்லு."

போலீஸ்காரர்கள் கூட்டத்தை வேலிக்குப் பின்னால் தள்ள நான்கு நிமிடமானது. ஆல்ஃப் அந்த நான்கு நிமிடமும் கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றான். பெவிலியன் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால், கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்த பதினான்கு பேர் அவரவர் பழைய இடத்தைத் தேடி முட்டிமோதி உட்காருவதைப் பார்த்திருக்கலாம்.

க்ராப்ட்ரி வழக்கத்தைவிடப் பத்தடி பின்னாலிருந்து ஓடி வந்தான். கிடைக்காது என்று விட்ட பந்து திரும்பக் கிடைத்திருக்கிறது. ஊரே பார்க்கிறது. அந்த வெறியில் அவனுடைய பின்கால் கோட்டைத் தாண்டிவிட்டது. அந்தக் காலத்தில் பின்கால்தான் கணக்கு.

"நோ-பால்" என்று வின்டில் கத்தியது பந்து கையை விடும் முன்பே கேட்டது.

போல்டு ஆனாலும் அவுட் இல்லை. ஆல்ஃபின் கைகள் அதைக் கேட்டதும், இந்த நாற்பத்தெட்டு நிமிடமும் இந்தக் கோடைக்காலம் முழுவதும் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து, முள்புதரை வெட்டுவது போல ஒரு வீசு வீசின. பந்து மட்டையின் ஓரத்தில் பட்டு ஸ்லிப்புக்கு மேலே பறந்து பின்பக்கம் போனது. அங்கே ஆளே இல்லை. ஈரப்புல்லில் விழுந்து பாதி தூரத்தில் நின்றது.

முதுகுக்குப் பின்னால் போகும் பந்துக்கு எதிர்முனைக்காரன்தான் குரல் கொடுக்க வேண்டும். அவன் வா என்றால் வர வேண்டும். அதுதான் பழக்கம், பள்ளிக்கூட ஆட்டத்திலிருந்து அப்படித்தான்.

"வா" என்று கத்தினான் டெஸ். கத்திக்கொண்டே பாதி பிட்ச் வந்துவிட்டான்.

ஒரு ரன். ஆல்ஃபுக்கு டெஸ்ட் வாழ்க்கையின் முதல் ரன். அதைவிட முக்கியம், கடைசிப் பந்து டெஸ்ஸுக்குப் போய்விடும். அதற்குத்தான் வாத்தியார் ஓடி வருகிறான். உடைந்த கையோடு அவனே நிற்கப் பார்க்கிறான். ஆல்ஃப் அந்தக் கையைப் பார்த்தான். கட்டுத்துணியில் ரத்தம் ஊறியிருந்தது. 

"போ" என்றான் ஆல்ஃப்.

"வாடா."

"திரும்பிப் போ வாத்தியாரே. எண்ணினது நான். நானே நிக்கிறேன்."

டெஸ் வழுக்கி, திரும்பி, ஓடினான். ரன் அவுட்டுக்கு நோ-பால் காப்பாற்றாது. ஸ்லிப்பில் நின்றவன் பந்தைத் துரத்திப் பிடித்துத் திரும்பிப் பார்க்காமலே எறிந்தான். பந்து ஆல்ஃபின் தொப்பிக்கு மேலே விர்ரென்று போய் க்ராப்ட்ரியின் கைக்குள் விழுந்தது. க்ராப்ட்ரி ஸ்டம்ப்பை அடித்தான். டெஸ் நீட்டிய மட்டையோடு வயிற்றால் சறுக்கி வந்தான். மைதானம் முழுக்க ஒரே குரலாகக் கேட்டது.

வின்டில் குனிந்து கோட்டைப் பார்த்தார். எழுந்திருக்க நேரம் எடுத்துக்கொண்டார்.

"நாட் அவுட்."

டெஸ் மண்ணில் படுத்தபடியே தலையைத் தூக்கினான். "ஆல்ஃப், இது முடியட்டும். உன்னை என் கையால கொல்லப் போறேன். நல்லா இருக்கிற கையால."

நோ-பாலுக்குக் கணக்கில்லை. இன்னும் ஐந்து கோடுதான். ஆல்ஃப் மட்டையைத் தரையில் ஊன்றினான்.

க்ராப்ட்ரி ஓடி வந்தான். அதே ஓட்டம், அதே கைவீச்சு. பந்து மட்டும் வரவில்லை. மெதுவான யார்க்கர். ஆறு முட்டையையும் போட்ட அதே பந்து, வளைந்து, சாவகாசமாக, தபால்காரன் போல வந்தது. ஆல்ஃபின் உடம்பு முழுவதும் மட்டையைத் தூக்கச் சொன்னது. கைகள் மேலே போகத் துடித்தன. அவன் தூக்கவில்லை. கேட்டைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நிற்பவனைப் போல நின்றான்.

டொக்.

பந்து மட்டையின் அடிமுனையில் பட்டு அங்கேயே நின்றது.

ஆல்ஃப் குனிந்து ஆறாவது கோட்டைக் கிழித்தான். அதற்குப் பிறகுதான் "ஓவர்" என்ற குரலைக் கேட்டான். அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை, கூட்டம் வந்து மூடிவிட்டது.

அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். க்ராப்ட்ரி ஒரு பெட்டி பீரைத் தூக்கிக்கொண்டு வந்து, முதல் பாட்டிலை ஆல்ஃபிடம் கொடுத்தான். "அடுத்த தடவை எங்க அம்பயரா வந்துரு" என்றான். கேப்டன் லாங்மோரின் டை கோணலாக இருந்தது. "நீ அஞ்சுன்னு சொன்னப்ப உன்னைக் கப்பல்ல ஏத்தாம இங்கயே விட்டுட்டுப் போறதுன்னு முடிவு பண்ணிட்டேன்" என்றார். அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே முடிவு பண்ணியிருந்தார். "இப்ப அஞ்சு நாள் டெஸ்டை எவன் பிடுங்குறான்னு பாக்கலாம். அஞ்சு நாளும் ஆடி, அதுக்கு மேல ஒரு பந்தும் கேட்டு வாங்கி ஆடியிருக்கோம்." மேனேஜரைக் கக்கூஸிலிருந்து வெளியே விடச் சொல்லி யாரோ ஞாபகப்படுத்தினார்கள்.

டெஸ் ஐஸ் வாளிக்குள் கையை விட்டபடி ஆட்டப் புத்தகத்தை மடியில் வைத்திருந்தான். 

"ஸ்கெல்டன், நாட் அவுட், முட்டை" என்று வாசித்தான் கடைசியில். "ஒரு ரன்னைக் கையில கொண்டு வந்து குடுத்தேன். வேண்டான்னுட்ட."

"எட்டு ஆச்சு" என்றான் ஆல்ஃப்.

"என்ன எட்டு?"

"முட்டை."

டெஸ் புத்தகத்தால் அவன் தலையில் ஒன்று வைத்தான். விலாவில் வலித்தாலும் ஆல்ஃபால் சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

மறுநாள் காலை விடுதிக்குத் தந்தி வந்தது. இங்கே மாலை ஆறரை என்றால் அங்கே விடிகாலை ஐந்தரை, பால் கறக்கும் நேரம். அண்ணன் ரெக்ஸ் கொட்டிலில் ரேடியோவை வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறான். தந்தியை ஆல்ஃப் உரக்க வாசித்தான்.

"அஞ்சு என்று நீ சொன்னதைக் கேட்டு கேட்டைத் திறந்துபோட்டுவிட்டு ரேடியோவிடம் ஓடினேன். அறுபத்தொன்றுதான் இருக்கிறது. தேடிக்கொண்டிருக்கிறோம். ரெக்ஸ்."